பெஞ்சில் நான்கு நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

சிப் வந்துவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் நாற்பது. ஒவ்வொன்றும் ஒரு உளுந்தம்பருப்பு அளவுதான். இதற்குத்தான் இருபது பேர் ஒரு வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

லேப் நோட்டில் எண்களை மட்டும்தான் எழுத முடியும். மற்றதை எழுத இந்த டயரி. போன தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்தது, இன்றுவரை பிரிக்கவேயில்லை.

பெரிய கட்டடங்களுக்குள் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்க வைக்கும் பெட்டிகளுக்கான சிப் இது. ஆன்டெனா பிடித்த சிக்னல் சிப்புக்குள் முதலில் நுழையும் இடம் என்னுடைய சுற்று. தூரத்திலிருந்து வரும் சிக்னல் சோப்ளாங்கியாக இருக்கும். அதைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். பெருக்கும்போது சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்துவிடும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2700 வரை, எந்த நாட்டு நெட்வொர்க்காக இருந்தாலும் ஒரே சுற்று சமாளிக்க வேண்டும். ஒரு அலைவரிசைக்கு மட்டும் டியூன் செய்வது யாருக்கும் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் செய்வது குட்டைப் போர்வையை வைத்துக்கொண்டு தூங்குவது மாதிரி. தலையை மூடினால் கால் வெளியே வரும்.

வாடிக்கையாளர் கேட்பது, இரைச்சல் எங்கேயும் 2 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. போன வருடம் சோதனைச் சிப்பில் நான் அளந்தபோது மிக மோசமான இடத்திலேயே 1.7. அந்த எண்ணை நம்பித்தான் இந்த முழுச் சிப்பையும் செய்தோம்.

இன்று பவர் கொடுத்ததும் 2.2 காட்டியது. முதல் நாள் எந்தச் சிப்பும் ஒழுங்காக நடந்துகொள்ளாது.

திருத்தம் ஏதாவது இருந்தால் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அன்று இறுதி வரைபடம் தொழிற்சாலைக்குப் போகிறது. அதற்குப் பிறகு ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது.

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து டியூனிங். பழைய ரேடியோ மாதிரி திருகுவதற்குக் குமிழ் கிடையாது. சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன எண்ணறைகள் இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து அதில் எண்ணை மாற்றினால் உள்ளே கரண்ட் கூடும், குறையும். கெப்பாசிட்டர் சேரும், விலகும். முந்நூறு சேர்க்கைகள் ஓட்டினேன். 2.2.

ஜூன் 5, வியாழன்

எதிர்க் கட்டட மொட்டைமாடியில் புதிதாக ஒரு டவர் வைத்திருக்கிறார்கள். அதன் சிக்னல்தான் உள்ளே புகுந்து கெடுக்கிறதோ என்று போர்டை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி அளந்தேன். பல கோடிக் கருவிகள் நடுவில் ஒரு பட்டர் பிஸ்கட் டின். எங்கள் தொழிலின் மானமே அதில்தான் இருக்கிறது.

2.2.

ஜூன் 6, வெள்ளி

2.2. குழாயும் சொட்டுகிறது.

ஜூன் 9, திங்கள்

கனெக்டரை மாற்றினேன். சால்டரை உருக்கி மறுபடி வைத்தேன். வேறு சிப், வேறு போர்டு. எல்லாம் ஒரே மாதிரி 2.2 என்கின்றன. கெட்டுப்போன சிப்கள் இப்படி ஒற்றுமையாக இருக்காது.

எங்கள் டிவிஷன் தலைவர் சேஷகிரி மதியம் எட்டிப் பார்த்தார். "என்ன இசக்கி, போன வருஷ நம்பர் வந்துதா?" என்றார். "வந்துரும் சார்" என்றேன்.

போன வருடச் சோதனைச் சிப்பில் இரண்டு சுற்றுகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று பவளக்கொடி செய்தது. மன்னார்குடிப் பெண். எங்களிடம் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே இடத்தில் பொருந்துகிற மாதிரி வரைந்தவை. எது ஜெயிக்கிறதோ அது முழுச் சிப்புக்குள் போகும் என்று ஏற்பாடு. எனக்கு 1.7, அவளுக்கு 1.9. என்னுடையது போனது. அவளுக்கு பெஞ்ச் நேரம் சரியாக அமையவில்லை. அளவுக்கருவி இருக்கிற மேஜை ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் பெஞ்ச் என்கிறோம். இந்த வேலையில் அதெல்லாம் சகஜம்.

மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். நல்ல கெட்டிக்காரி.

ஜூன் 10, செவ்வாய்

தேன்மொழிக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, அளவெடுக்கிற விஷயத்தில் என்னைவிடக் கறார்.

"ஒரு வாரமா மூஞ்சி நல்லால்லியே. என்ன நடக்கு?"

சொன்னேன். போன வருடம் நல்ல எண் வந்தது, இந்த வருடம் வர மாட்டேன் என்கிறது என்று.

"இப்ப வந்தது தப்புன்னு எப்பிடிச் சொல்லுதீங்க? அப்ப வந்தது தப்பா இருக்கக் கூடாதா? எங்க லேப்புல ரிசல்ட் ரொம்ப நல்லா வந்தாலும் திரும்ப ஓட்டுவோம்லா."

"அதெல்லாம் மூணு வாரம் உக்காந்து அளந்தது" என்றேன், கொஞ்சம் உரக்கவே. அவள் வெண்டைக்காயை நறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

தேன்மொழியின் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். எனக்குப் போட வேண்டியது வேறு.

இந்த வருட எண்களிலிருந்து போன வருட எண்களைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் கோடாகப் போட்டுப் பார்த்தேன். 700இல் 0.2. மேலே போகப்போகக் கூடிக்கொண்டே போய் 2600இல் 0.5. சிப் கோளாறு என்றால் கோடு இவ்வளவு வழவழப்பாக வராது. இந்தக் கோட்டை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பார்த்திருந்தேன். கருவிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கிற நீலக் கேபிளில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்கிற கோடு அது. அச்சு அசல்.

கேபிள் தின்றதை சிப் தலையில் கட்டக் கூடாது என்று கழித்துவிடுவோம். அது முறைதான். கருவியே கழித்துக்கொள்ளும்படி கேபிளின் எண்களைப் போன வருடம் ஜனவரியில் அதில் ஏற்றி வைத்திருக்கிறது. ஏற்றியது நான். லேப் நோட்டில் என் கையெழுத்தில் தேதியோடு இருக்கிறது. அதே வருடம் மே மாதம் என் எக்செல் தாளிலும் அதையே இன்னொரு தரம் கழித்திருக்கிறேன். ஒரு கேபிளை இரண்டு முறை கழித்து 2.2ஐ 1.7 ஆக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை எக்செலைத் தொடவில்லை, கருவி காட்டியதையே படித்தேன்.

பவளக்கொடியின் சுற்றை எக்செலில் போடவில்லை. கடைசி நாள் அரை மணி நேரத்தில் கருவித் திரையைப் பார்த்து நேராக எழுதினேன். அதனால் அவளுடைய 1.9 சரியான 1.9.

அவள் பெஞ்ச் நாட்களும் எனக்குத்தான் வந்தன. என் போர்டு தாமதமாக வந்ததால் அப்படி ஆகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

உடம்பு சரியில்லை என்று லீவு. குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 13, வெள்ளி

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்று சொன்னால் என் சுற்றை எடுத்துவிட்டு அவளுடையதை அதே இடத்தில் வைக்க முடியும். வரைபடம் போடுகிற லேஅவுட் ஆட்களுக்கு நான்கு நாள் வேலை. செய்யக்கூடியதுதான். சிப்பும் நன்றாக வரும், அவள் பெயரும் நேராகும்.

பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அளவெடுப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறவன் நான். கேபிளை இரண்டு முறை கழிக்கக் கூடாது என்பது அதில் மூன்றாவது பக்கம்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவேன்.

ஜூன் 16, திங்கள்

சேஷகிரிக்கு மெயில் எழுதினேன். நான்கு வரி. டிராப்டில் இருக்கிறது. 'தவறு' என்ற சொல்லை மூன்று முறை அழித்து 'திருத்தம்' என்று மாற்றினேன்.

மதியம் வேறொன்று கண்ணில் பட்டது. என் சுற்றுக்குக் கரண்டைக் கூட்டிக் கொடுத்தால் 1.98க்கு இறங்குகிறது. சிப் கூடுதலாகச் சுடும். ஆனால் 2ஐத் தாண்டவில்லை.

பவளக்கொடியின் நான்கு பெஞ்ச் நாட்களை நான் அவளிடம் கேட்டுத்தான் வாங்கினேன். கேட்டதாகத்தான் ஞாபகம்.

ஜூன் 17, செவ்வாய்

இறுதிக் கூட்டம். பன்னிரண்டு பேர். சேஷகிரி என் பக்கம் திரும்பி, "போன வருஷம் 1.7, இப்ப 2.2. ஏன்?" என்றார்.

டிராப்டில் இருந்த நான்கு வரியும் மனப்பாடம். வாயைத் திறந்தேன்.

"தொழிற்சாலையில இந்தத் தடவை செஞ்ச லாட்டே கொஞ்சம் மந்தமா வந்திருக்கு சார். கரண்டை ஏத்திட்டா ரெண்டுக்குள்ள வந்துரும்."

இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது.

"இசக்கி இருக்கறப்ப நமக்கென்ன கவலை" என்றார் சேஷகிரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதே அறையில் போன வருடமும் ஒரு சிரிப்பு உண்டு. பவளக்கொடி எழுந்து, "டியூன் பண்ணினா என்னோடது 1.6க்கு வரும் சார், சிமுலேஷன்ல வருது, நாலு நாள் பெஞ்ச் கொடுங்க" என்றாள். "கம்ப்யூட்டர்ல எல்லாருக்கும் 1.6 வரும்மா, பெஞ்சுல வரணும்" என்றேன். அன்றைக்கும் பன்னிரண்டு பேர்தான்.

ஜூன் 18, புதன்

தேன்மொழி கேட்டாள், "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

"தெரியாது" என்றேன். தெரியும். கோயம்புத்தூரில் பம்ப்செட் மோட்டாருக்குக் கன்ட்ரோலர் செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்பே தேடிப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏன் தேடினேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மதியம் மூன்று நாற்பதுக்கு வரைபடம் போய்விட்டது. உள்ளே என் சுற்று.

கேக் வெட்டினார்கள். என்னைத்தான் வெட்டச் சொன்னார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

பிளம்பர் வந்தார். வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேனாம். "நீங்க என்ஜினியரா சார்?" என்றார். ஒரு நிமிட வேலை.

ஜூன் 23, திங்கள்

லேப் அலமாரியில் பழைய சோதனைச் சிப் போர்டு தூசி பிடித்துக் கிடந்தது. எடுத்துத் துடைத்து, கேபிளை ஒரே ஒரு முறை கழித்து, இரண்டு சுற்றுகளையும் அளந்தேன்.

என்னுடையது மூன்று வாரம் டியூன் செய்தது, 2.2. அவளுடையது யாரும் தொடாதது, ரெஜிஸ்டர் எல்லாம் பூஜ்யத்தில் இருக்க, 1.9.

இனி இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த டயரியைப் பிரித்ததற்கே அர்த்தமில்லை.

அவளுடைய நான்கு நாட்களை நான் கேட்டு வாங்கவில்லை. லேப் சுவரில் இருக்கிற வெள்ளைப் பலகையில்தான் யாருக்கு எந்த நாள் பெஞ்ச் என்று எழுதுவோம். எழுதின பெயரை மற்றவர் தொடக் கூடாது. எங்களுக்குள் இருக்கிற ஒரே சட்டம் அது. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு கட்டத்திலும் 'பவளம்' என்று இருந்தது. முந்தின வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது நான்கையும் உள்ளங்கையால் அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை காலை அவள் போர்டோடு வந்து நின்றாள். "சேஷகிரி சார் மாத்தச் சொல்லிட்டார்" என்றேன். "சரிங்க சார்" என்று திரும்பிப் போனாள்.

கேபிள் விஷயம் கவனக் குறைவு. யாருக்கும் நடக்கும். பலகை விஷயம் அப்படியல்ல. இத்தனை நாள் முதலாவதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தது இரண்டாவதை எழுதாமல் இருக்கத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

சேஷகிரியிடம் சொன்னேன். இரண்டையும்.

அவர் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் சொல்லியிருக்கலாமே இசக்கி."

"ஆமா சார்."

"இப்ப என்ன பண்ண முடியும்? போயாச்சு. கேட்ட ஸ்பெக்குக்குள்ள இருக்கு. கஸ்டமர் சந்தோஷமா இருக்கான். இதை மெயில்ல எல்லாம் போட்டு வைக்காத."

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் சொன்னதைத்தான் நான் ஒன்பது நாளாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெயில் போட்டேன். டீம் முழுவதற்கும். கேபிளை இரண்டு முறை கழித்தது, பலகையில் பெயர் அழித்தது, இரண்டு சுற்றுகளின் சரியான எண்கள். 'தவறு' என்றே எழுதினேன். மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் 'ரொம்ப நேர்மை சார் நீங்க' என்று பதில் அனுப்பினார். எதையும் மாற்ற முடியாத நாளில் வந்த நேர்மை அது. சட்டை கசங்காமல் செய்த வேலை.

ஜூன் 25, புதன்

மதியம் லேப் வாசலில் நின்று பவளக்கொடிக்கு போன் செய்தேன். என் எண்ணை அவள் வைத்திருக்கவில்லை. "யாருங்க?" என்றாள். பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம்.

"இசக்கியப்பன். சென்னையிலேருந்து."

"சொல்லுங்க சார்." சத்தத்திலிருந்து நகர்ந்து எங்கோ வந்து நின்றாள்.

கேபிள் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "டபுள் சப்ட்ராக்ஷனா?" என்றாள்.

"ஆமா. என்னோடது 2.2தான். ஒங்களோடது 1.9."

"என்னோடது 1.9னு அப்பவே தெரியும் சார். அதைச் சரியாத்தானே எழுதினீங்க."

அடுத்ததையும் சொன்னேன். "பலகையில ஒங்க பேரை அழிச்சது நான்தான். சேஷகிரி சார் சொல்லல."

"தெரியும் சார்."

"எப்பிடித் தெரியும்?"

"சாப்பாட்டு டப்பாவை லேப்ல வச்சுட்டுப் போயிட்டேன். எடுக்கலாம்னு வந்தேன். கண்ணாடிக் கதவுதானே சார் அது."

அவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் உள்ளங்கையால் துடைத்ததை, கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டதை, எல்லாவற்றையும்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். உங்க கிளாஸ்ல உக்காந்துதான் சார் நான் அளக்கவே கத்துக்கிட்டேன். ஏதோ அவசரத்துல பண்ணிட்டார், சாயங்காலம் சொல்லிடுவார்னு நெனச்சேன். அப்புறம் அந்த மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சாங்க."

"மன்னிச்சிருங்க பவளம்" என்றேன். அந்தச் சொல் ஒரு வருடத்துக்கு முன்னால் நான்கு நாளைக்கு ஈடாக இருந்திருக்கும்.

"பதினாலாவது ரெஜிஸ்டர்ல என்ன இருந்துச்சு சார்?" என்று கேட்டாள்.

"பூஜ்யம். எதையும் தொடல."

"அதுல ஒன்பது போட்டுப் பாருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"மறுபடி இந்த வேலைக்கு வாரீங்களா? நான் யார்கிட்ட வேணும்னாலும் பேசுதேன்."

"இல்ல சார். ரேடியோவை விட்டுட்டேன். மோட்டார் நல்லாருக்கு. ஓடுதா ஓடலையான்னு கண்ணாலேயே பாத்துடலாம்" என்றாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 26, வியாழன்

காலையில் முதல் வேலையாகப் பலகையில் இன்றைய கட்டத்தில் 'பவளம்' என்று எழுதிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பதினாலாவது ரெஜிஸ்டரில் ஒன்பது.

1.6. 700இலிருந்து 2700 வரை எங்கேயும் அதற்கு மேல் ஏறவில்லை. கரண்ட் கூட்டவில்லை, சிப் சுடவில்லை. இந்த பெஞ்சில் இவ்வளவு நல்ல எண்ணை யாரும் பார்த்ததில்லை.

நம்பாமல் எட்டு போட்டேன், பத்து போட்டேன். இரண்டுக்கும் 1.7. பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒன்பதுதான். பெஞ்சைத் தொடவே விடப்படாத ஒருத்தி, தொடாமலே கண்டுபிடித்து, ஒரு வருடமாக அந்த எண்ணை மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

கோட்டைப் படமாக எடுத்து அவளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். '1.6. நீங்கள் சொன்னது சரி' என்று கீழே எழுதினேன்.

மதியம் வரை பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஒரு வரி வந்திருந்தது.

'எவ்ளோ நேரம் ஆச்சு சார்?'

கருவி எல்லா அளவுக்கும் நேரம் போட்டு வைத்திருக்கும். போர்டை மாட்டியது ஒன்பது ஐந்து. 1.6 வந்தது ஒன்பது இருபத்தைந்து.

'இருபது நிமிஷம்' என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.